அந்தப் பலகைக்குப் பக்கத்தில் இன்னொரு பலகை

தமிழ்நாடு அரசின் மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். சேலம் மாவட்டம் சங்ககிரியிலிருந்து எழுதுகிறேன். போன ஆனி மாதம் என் சித்தி மகளுக்கு நாள் தள்ளிப்போனது. ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள். சின்னதுக்கு இன்னும் இரண்டு வயது நிறையவில்லை. உதிரப்போக்கு தாங்க முடியாமல், கருத்தடைக்கு வைத்திருந்த காப்பர் டி-யை எடுத்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. கிட் வாங்கிப் பார்த்திருக்கிறாள், இரண்டு கோடு. அன்று ராத்திரியே எனக்குப் போன் செய்து, "அக்கா, என்னால இன்னொன்னு முடியாதுக்கா" என்றாள். அதற்கு மேல் அவளும் விளக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

மறுநாள் ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். துணைக்கு என்னையும் ஸ்கேன் அறைக்குள் விட்டார்கள். ஏழு வாரம் ஒரு நாள் என்று வந்தது. கலைக்கத்தான் வந்திருக்கிறோம் என்று சீட்டிலேயே எழுதியிருந்தது. இருந்தும் ஸ்கேன் செய்தவர் திரையை அவள் பக்கம் திருப்பி, சத்தத்தைக் கூட்டி, "துடிப்பு எவ்வளவு நல்லா இருக்கு பாரும்மா" என்றார். அவள் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். என் கையைப் பிடித்திருந்தவளின் நகம் பதிந்த தடம் சாயங்காலம் வரை போகவில்லை.

அப்புறம் டாக்டர் அறை. "வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாங்க. அவர் கையெழுத்து இல்லாம ஒண்ணும் பண்ண முடியாது." அவள் வீட்டுக்காரர் லாரி டிரைவர். அப்போது லோடு ஏற்றிக்கொண்டு குவாஹாத்தி போயிருந்தார். எங்கள் ஊரில் பாதி வீட்டில் இதுதான் நிலைமை. போனில் அவரே, "அவ சொல்றபடி செய்ங்க டாக்டர்" என்று கெஞ்சினார். ஒத்துக்கொள்ளவில்லை. அரசு மருத்துவமனைக்குப் போனோம். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்குச் சம்மதித்தால்தான் செய்வோம் என்றார்கள். வேறொரு டாக்டர் மாத்திரை எழுதிக்கொடுத்தார். அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு ஆறு மருந்துக்கடை ஏறி இறங்கினேன். ஒரு கடைக்காரர் சீட்டைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

லாரி திரும்பி வரப் பதினைந்து நாள் ஆனது. மறுபடி ஸ்கேன், ஒன்பது வாரம் இரண்டு நாள். மாத்திரையால் கலைக்க நம் சட்டவிதிகளில் உள்ள வரம்பு 9 வாரம், அதாவது 63 நாள். இரண்டு நாளில் அது கைநழுவிப்போனது. கடைசியில் மருத்துவமனையில் படுக்கவைத்து உறிஞ்சி எடுத்தார்கள். நல்லபடியாக முடிந்தது. மூத்தவனின் பள்ளிக்கூடக் கட்டணத்துக்கு எடுத்துவைத்த பணம் அதற்குப் போனது. அந்தப் பதினைந்து நாளும் அவள் சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை.

எல்லாம் முடிந்த பிறகுதான் சட்டத்தை எடுத்துப் படித்தேன். 1971-ஆம் ஆண்டுக் கருக்கலைப்புச் சட்டம், 2021-ல் திருத்தப்பட்டது. 20 வாரம் வரை, சட்டம் சொல்லும் காரணம் இருந்தால், ஒரு மருத்துவரின் கருத்து போதும். கருத்தடைச் சாதனம் பயன்தராமல் போனதும் அந்தக் காரணங்களில் ஒன்று. "பெண் அல்லது அவரது துணைவர்" என்றுதான் திருத்தத்தில் இருக்கிறது, மணமானவள் என்ற சொல்லையே எடுத்துவிட்டார்கள். 20 முதல் 24 வாரம் வரை குறிப்பிட்ட சில நிலைகளில் இருக்கும் பெண்களுக்கு இரண்டு மருத்துவர்கள் வேண்டும். சம்மதப் படிவம் சி. அதில் கையெழுத்துப் போட வேண்டியவள் அந்தப் பெண் மட்டுமே. பதினெட்டு நிறையாதவர்களுக்கும் மனநலம் குன்றியவர்களுக்கும்தான் காப்பாளர் கையெழுத்து. கணவர் கையெழுத்து எங்குமே இல்லை. ஆபரேஷன் நிபந்தனையும் இல்லை.

2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம், மணமாகாத பெண்ணுக்கும் 24 வாரம் வரை அதே உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. சட்டத்தில் இல்லாத நிபந்தனைகளை மருத்துவர்கள் போடக் கூடாது என்றும் அதே தீர்ப்பில் சொன்னது. அதே வருடம் ஜூனில்தான் அமெரிக்க உச்ச நீதிமன்றம், கருக்கலைப்புக்கு அங்கே ஏறக்குறைய ஐம்பது வருடமாக இருந்த உரிமையைப் பறித்தது. அங்கே டெக்சாஸ் மாநிலம் 2011-லேயே, ஸ்கேன் படத்தைப் பெண்ணுக்குக் காட்டி விளக்க வேண்டும், இதயத் துடிப்பைக் கேட்கவைக்க வேண்டும் என்று சட்டம் போட்டது. நம் நாட்டில் அப்படி ஒரு சட்டமே இல்லை. பிறகு என் தங்கைக்கு அதை ஏன் செய்தார்கள்?

இதன் வேர் எனக்குத் தெரியாமல் இல்லை. 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டம் எங்கள் சேலத்தில்தான் தொடங்கியது. பெண் சிசுக்களுக்கு என்ன நடந்தது என்று எங்கள் பாட்டிகள் குரலைத் தாழ்த்திச் சொன்னதைக் கேட்டு வளர்ந்தவள் நான். கருவிலேயே ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கத்தான் வேண்டும். அதில் ஒரு எழுத்தைக்கூடத் தளர்த்தச் சொல்லமாட்டேன். ஆனால் அந்தச் சட்டத்தின் பயம் கருக்கலைப்புச் சட்டத்தின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது. ஏழு வாரத்தில் ஸ்கேனில் ஆண், பெண் தெரியாது என்பது எந்த டாக்டருக்கும் தெரியும். ஒன்பது வாரத்துக்குள் போடும் மாத்திரைக்கும் ஸ்கேன் பார்த்துப் பெண் குழந்தையை அழிப்பதற்கும் என்ன தொடர்பு? ஸ்கேனுக்கு முன் நிரப்பும் படிவம் எஃப்-இல், கருத்தடை தவறி உண்டான கர்ப்பமோ என்ற சந்தேகத்தையும் ஸ்கேன் எடுக்கத் தகுந்த காரணமாகவே சேர்த்திருக்கிறார்கள். வேண்டாத கர்ப்பத்தோடு வரும் பெண்ணைச் சட்டம் எதிர்பார்த்தே இருக்கிறது. மேசைக்கு அந்தப்பக்கம் இருந்தவர்கள்தான் என் தங்கையைக் குற்றவாளி மாதிரி பார்த்தார்கள்.

நான் கேட்பது பெரிய காரியமில்லை. கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்லமாட்டோம், அது குற்றம் என்ற பலகை எல்லா ஸ்கேன் மையத்திலும் மாட்டியிருக்கிறது. அதன் பக்கத்தில், கருக்கலைப்பு செய்யும் எல்லா மருத்துவமனையிலும், அதே அளவில், அதே தமிழில் இன்னொரு பலகை வையுங்கள். பதினெட்டு வயது நிறைந்தவருக்கு அவரது சம்மதம் மட்டும் போதும், கணவர் கையெழுத்து தேவையில்லை, பெயரை வெளியே சொல்வது தண்டனைக்குரியது என்று எழுதுங்கள். கேட்டால் தவிரத் திரையைக் காட்டாதீர்கள் என்று ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். டாக்டர் சீட்டுக்கு மாத்திரை கொடுக்கும் கடைக்காரரை மிரட்டக் கூடாது என்று மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகளுக்குச் சொல்லுங்கள்.

அடுத்த முறை உங்கள் அதிகாரிகள் எங்கள் பக்கம் சோதனைக்கு வரும்போது, படிவம் எஃப் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதோடு, அங்கே வந்து திரும்பிப்போன பெண்கள் எத்தனை பேர், எதற்காகத் திருப்பி அனுப்பினீர்கள் என்றும் கேட்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
சங்ககிரியிலிருந்து ஒரு அக்கா