நெறிமுறைக் குழுவினருக்கு, எலிக்கூண்டுப் பக்கமிருந்து

ஆய்வுக்கூட விலங்குகளுக்கான நெறிமுறைக் குழுக்களில் இருக்கும் உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

நான் விலங்குக்கூடத்தில் கூண்டு மாற்றும் ஆள். ஆராய்ச்சிக்கு விலங்குகளைப் பயன்படுத்தலாமா, கூடாதா என்ற வாதத்துக்கு நான் வரவில்லை. ஆய்வுத் திட்டங்களை அனுமதித்து நீங்கள் கையெழுத்திடும் தாள் எங்கள் கூண்டுவரை வந்து சேர்கிறதா என்பதுதான் என் கேள்வி.

ஒரு சனிக்கிழமை. கட்டி வளர்ச்சி பற்றிய ஆய்வில் இருந்த சுண்டெலி ஒன்று, முதுகு கூனி, முடி சிலிர்த்து, கண்ணை இடுக்கிக்கொண்டு மூலையில் கிடந்தது. முந்தின நாள் வைத்த காகிதம் வைத்தபடியே இருந்தது. நலமாக இருக்கும் எலி அதை ராத்திரியோடு ராத்திரியாகக் கிழித்துக் கூடு கட்டிவிடும். கட்டாமல் விட்டிருந்தால் எங்களுக்கு அப்போதே வயிறு கலங்கும். எடை போட்டேன். தொடக்க எடையில் 20 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தது. அந்த அளவைத் தொட்டதும் அதன் உயிரை வலியில்லாமல் முடித்துவிட வேண்டும் என்று நீங்கள் அனுமதித்த திட்டத்திலேயே இருக்கிறது. ஆய்வு மாணவரைக் கூப்பிட்டேன். "திங்கட்கிழமை கடைசி அளவீடு இருக்கு, அதுவரை பார்ப்போம்" என்றார். கால்நடை மருத்துவரின் எண் எந்தச் சுவரிலும் இல்லை. கிடைத்திருந்தாலும், ஆய்வாளரைக் கேட்காமல் முடிவெடுக்க அவருக்கு அதிகாரம் உண்டா என்பது எனக்குத் தெரியாது. ஞாயிறு காலை அது செத்துக் கிடந்தது. திங்கட்கிழமை அளவீடும் போயிற்று.

ஆய்வு விலங்குகளை எப்படி நடத்துவது என்று ரஸ்ஸல், பர்ச் என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1959-இல் சொன்ன மூன்றை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள்: விலங்குக்கு மாற்று தேடுவது, எண்ணிக்கையைக் குறைப்பது, துன்பத்தைத் தணிப்பது. முதல் இரண்டையும் உங்கள் மேசையிலேயே பேசி முடித்துவிடலாம். மூன்றாவது நடக்க வேண்டிய இடம் எங்கள் அறை. வாலைப் பிடித்துத் தூக்கினால் எலி மிரள்கிறது, குழாய்க்குள் ஏறவிட்டோ உள்ளங்கையில் ஏந்தியோ எடுத்தால் அவ்வளவு மிரள்வதில்லை என்று 2010-லேயே ஆய்வு வந்துவிட்டது. குழாய் ஒன்றும் பெரிய செலவில்லை. எங்கள் அறையில் இன்னும் வால்தான். மிரண்ட எலியிடம் எடுக்கும் அளவை எப்படி நம்புகிறார்களோ!

அப்புறம், நீங்கள் பார்வையிட வரும் நாள். தேதி முன்கூட்டியே தெரிந்துவிடுவதால் அந்த வாரம் முழுக்கத் தரை தேய்ப்பதும் அட்டை ஒட்டுவதும்தான் வேலை. மேற்பார்வையாளரை அருகில் வைத்துக்கொண்டு "எல்லாம் சரிதானே?" என்று எங்களைக் கேட்கிறீர்கள். வேறென்ன சொல்வோம், சரிதான் என்கிறோம்.

ஒருமுறையாவது சொல்லாமல் வாருங்கள், முடிந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை. எங்களிடம் தனியாகப் பேசுங்கள். விலங்கு அவதிப்பட்டால் மருத்துவரே முடிவெடுக்கலாம் என்று எழுத்தில் கொடுத்து, அவர் எண்ணைக் கதவுக்குக் கதவு ஒட்டச் சொல்லுங்கள். முக்கியமாக, இறப்புப் பதிவேட்டைக் கேட்டு வாங்குங்கள். உரிய நேரத்தில் முடிக்கப்பட்டவை எத்தனை, காலையில் செத்துக் கிடந்தவை எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். மூன்றாவது அலமாரியில், நீல அட்டை போட்ட நோட்டு அது.