லினக்ஸ் கெர்னலின் 32, 64 பிட் சிபியு துவக்க நிரலை இணைப்போர் கவனத்துக்கு

நண்பர்களே, எக்ஸ்86 (இன்டெல், ஏஎம்டி வகை சிபியு) துவக்க நிரலின் 32, 64 பிட் கோப்புகளை ஒரே பேட்சில் (மாற்றத் தொகுப்பில்) இணைத்து அனுப்பாதீர்கள். முதலில் இரு கோப்புகளிலும் மாறிகளின் பெயர், ஃபங்ஷன் வரிசை, இடைவெளி எல்லாவற்றையும் ஒன்றாக்குங்கள். டிஃப்பில் (இரு கோப்புகளின் ஒப்பீட்டில்) கடைசியாக மிஞ்சுவதுதான் நிஜமான வேறுபாடு. 2008-ல் லினக்ஸ் 2.6.26-ல் எஸ்எம்பிபூட் (பல சிபியுக்களைத் துவக்கும் நிரல்) கோப்புகள் 32-உம் 64-உம் இப்படிப் படிப்படியாகத்தான் ஒன்றாயின.

அவசரப்பட்டுக் கை வைக்கக் கூடாத இடம், இரண்டாம் சிபியுவை எழுப்பும் பகுதி. வழக்கமான வரிசையில், முதல் சிபியு அதற்கு இனிட் (மீட்டமைக்கும் சிக்னல்) அனுப்பி 10 மில்லிசெகண்ட் காத்திருந்து ஸ்டார்ட்அப் ஐபிஐ (ஓடத் தொடங்கச் சொல்லும் சிக்னல்) அனுப்பும். 200 மைக்ரோசெகண்ட் கழித்து இன்னொன்று. ஸ்டார்ட்அப் ஐபிஐயின் வெக்டர் (எங்கிருந்து ஓட வேண்டும் என்று சொல்லும் எண்) 8 பிட் மட்டுமே. ஆகவே டிராம்போலின் (எழும் சிபியு முதலில் ஓட்டும் சிறு நிரல்) 1 எம்பிக்குக் கீழே, 4 கேபி எல்லையில் இருந்தே ஆக வேண்டும். பிசகினால் அந்த சிபியு சத்தமே இல்லாமல் தொங்கும். முதல் சிபியு காத்திருந்து பார்த்துவிட்டு அதை விட்டுவிட்டுப் போகும்.

64 பிட்டில் இன்னொரு பொறி: சிஆர்3 (பேஜ் டேபிள் எனும் நினைவக முகவரி அட்டவணை இருக்கும் இடத்தைச் சொல்லும் ரெஜிஸ்டர்) ஏற்றப்படும்போது சிபியு 32 பிட் நிலையில்தான் இருக்கும். உச்சிப் பேஜ் டேபிள் 4 ஜிபிக்கு மேலே போனால் முகவரியின் மேல் பாதி வெட்டுப்படும். ரேம் குறைந்த கணினியில் இந்தப் பிழை தலைகாட்டாது.

ஒவ்வொரு பேட்சும் 32, 64 பிட் என இரு கான்ஃபிகிலும் தனியாக பில்டாக வேண்டும், இல்லையென்றால் பைசெக்ட் (பிழையை நுழைத்த பேட்சைப் பாதி பாதியாகக் குறுக்கித் தேடும் முறை) பயன்படாது. பூட் ஆனதோடு நிறுத்தாமல், சிபியுவை ஆஃப்லைன் செய்து மறுபடி ஆன்லைனும் செய்து பாருங்கள். இனிட் பிரிவில் (பூட் முடிந்ததும் நினைவகத்திலிருந்து விடுவிக்கப்படும் பகுதியில்) தவறுதலாக விட்ட ஃபங்ஷன் அப்போதுதான் பிடிபடும்.