நம் கடலோரத்து வவ்வால்களைக் கணக்கெடுக்கக் கை கொடுங்கள்

எல்லாருக்கும் வணக்கம். தொண்டியிலிருந்து சாயல்குடி வரை நம் கடலோரத்தில் எத்தனை வகை வவ்வால் இருக்கிறது என்று முறையாகக் கணக்கெடுக்கப் போகிறோம். அதற்குப் பணம் வேண்டும், நேராகவே கேட்கிறோம்.

வவ்வால் என்றதும் புளியமரத்தில் தொங்கும் பெரிய பழந்தின்னிதான் பலருக்கு ஞாபகம் வரும். ஆனால் சாயல்குடிப் பக்கம் பனையேறும் அண்ணன்மாரைக் கேளுங்கள், காய்ந்த மட்டையை இழுத்தால் உள்ளேயிருந்து மஞ்சள் வயிற்றோடு சின்னதாக ஒன்று விருட்டென்று பறக்கும் என்பார்கள், அது பூச்சி பிடிக்கிற வகை. பழைய மண்டபங்களில் இன்னொன்று இருக்கும், காது இரண்டும் நடுவில் ஒட்டி நிற்கும். கும்மிருட்டிலும் தவளை நகரும் சத்தத்தை மட்டும் கேட்டே அது பிடித்துவிடும் என்று மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் மாரிமுத்து ஆராய்ந்து காட்டியிருக்கிறார். நம் பக்கத்து மதுரையில் இவ்வளவு நடந்திருக்க, நம் ஊர் மண்டபங்களில் என்ன தங்குகிறது என்று நம்மிடம் ஒரு பட்டியல்கூட இல்லை.

அதற்குள் பனை சூளைக்குப் போகிறது, பழைய கட்டடங்களுக்கு வெள்ளையடித்துப் பொந்தை அடைக்கிறார்கள். 1972 வனவிலங்குச் சட்டம் பழந்தின்னிகளை எலி, காக்கையோடு சேர்த்துத் தீங்குயிர்ப் பட்டியலில், அதாவது யாரும் கொல்லலாம் என்ற பட்டியலில்தான் வைத்திருந்தது, 2022 திருத்தத்தில்தான் அந்தப் பட்டியலே போனது. சட்டம் மாறினாலும், இன்ன மரத்தில் இன்ன வவ்வால் இருக்கிறது என்று எழுதிவைத்தால்தான் வெட்ட வருபவரிடம் பேச முடியும்.

சரி, காசு எதற்கு? பூச்சி தின்னும் வவ்வால்கள் எழுப்பும் ஒலி பெரும்பாலும் 20,000 ஹெர்ட்ஸுக்கு மேலே, நம் காதுக்கு எட்டாது. அதைப் பதிவு செய்யும் கருவிக்குத்தான் பெரும்பகுதி போகும். அது இருந்தால் வலை போட்டுப் பிடிக்காமலே பல வகைகளைப் பிரித்தறியலாம். பழந்தின்னிகளுக்கு அது உதவாது, அந்தி நேரத்தில் மரத்தடியில் நின்று எண்ணத்தான் வேண்டும், அதற்குப் பெட்ரோலும் டார்ச்சும் போதும். மன்னார் வளைகுடாத் தீவுகள் தேசியப் பூங்கா, அனுமதி தனி, அதனால் இப்போதைக்குக் கரை மட்டும்.

நூறு ரூபாயானாலும் கொடுங்கள், ரசீது உண்டு, மாதாமாதம் வரவு செலவை அப்படியே எல்லாருக்கும் அனுப்புவோம். பணம் முடியாதவர்கள் உங்கள் தெருவில், தோப்பில், பாழடைந்த வீட்டில் வவ்வால் தங்கும் இடத்தைச் சொல்லுங்கள், எங்களுக்கு அதுவும் பெரிய நன்கொடைதான். அப்புறம் ஒன்று, கீழே விழுந்து கிடக்கும் வவ்வாலை வெறும் கையால் தொடாதீர்கள், பகலில் மரத்தைத் தட்டிக் கலைக்காதீர்கள், குட்டியைச் சுமந்து தொங்கும் தாய்கள் இருக்கும்.