இலவசப் படுக்கைக்கும் விசாக் கோவையில் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

நோர்வே, சுவீடன், டென்மார்க், பின்லாந்து நாடுகளை முதுகுப்பையோடு சுற்றி, உள்ளூர்க்காரர் வீடுகளில் தங்கினால் செலவே இல்லை என்று உங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரை இளைஞர்களிடம் பெரிய ஆசையை மூட்டியிருக்கிறது. பயணம் நல்லதுதான். அறியாத ஆளுக்குக் கதவு திறந்துவிடும் மனிதர்களும் அங்கே நிறைய உண்டு. ஆனால் கட்டுரையில் சொன்ன வழி ஐரோப்பியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவருக்குப் பொருந்தும் வழி. இலங்கைக் கடவுச்சீட்டோடு போகிறவர் தங்கப்போகும் வீடு, முதலில் அவருடைய விசாக் கோவைக்குள் வரவேண்டும்.

தங்களுக்குள் எல்லைச் சோதனை இல்லாத ஐரோப்பிய நாடுகளின் பொது விசாவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு 6 மாதத்துக்கு முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். கடைசி எல்லை 15 நாள். முடிவு வர வழமையாக 15 நாள் ஆகும், 45 நாள் வரை இழுபடவும் கூடும். ஜூனில் போக விரும்புகிறவர் மார்ச் முடிவதற்குள் கோவையைக் கொடுத்துவிடுவது நல்லது. கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. விண்ணப்ப நிலையத்தின் சேவைக் கட்டணம் தனி. மறுத்தால் இரண்டும் திரும்பி வராது. மருத்துவக் காப்புறுதி குறைந்தது 30,000 யூரோவுக்கு, ஷெங்கன் நாடுகள் எல்லாவற்றுக்கும் செல்லுபடியாக இருக்கவேண்டும். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பம்; நாட்கள் சமமென்றால் முதலில் கால்வைக்கும் நாட்டிடம். "அங்கே இலகுவாகக் கிடைக்குமாம்" என்று கேள்விப்பட்டு வேறொரு நாட்டிடம் கொடுப்பது வீண் வேலை.

சிக்கல் தங்குமிடத்தில்தான். ஒவ்வோர் இரவும் எங்கே என்பதற்குச் சான்று கேட்பார்கள். "வாருங்கள், சோபா இருக்கிறது" என்று கைபேசியில் வந்த ஒரு வரி சான்றாகாது. வீட்டுக்காரரின் முழுப்பெயர், முகவரி, தொலைபேசி எண், தங்கும் தேதிகள், அறிமுகமான விதம் எல்லாம் எழுதிக் கையொப்பமிட்ட கடிதமும், அவருடைய அடையாள ஆவணத்தின் பிரதியும் வேண்டும். சுவீடனுக்கு என்றால் குடிவரவுத் திணைக்களத்தின் அழைப்புப் படிவம் இருக்கிறது. நோர்வேயில் அழைப்பவர் செலவைப் பொறுப்பேற்கும் உத்தரவாதப் படிவம் நிரப்பலாம். அது இல்லாவிட்டால் நோர்வே பொதுவாக ஒரு நாளுக்கு 500 குரோனர் கையிருப்பைக் காட்டச் சொல்கிறது, சுவீடன் 450. படுக்கை இலவசம் என்பதால் வங்கிக் கூற்று தேவைப்படாது என்று யாரும் எண்ண வேண்டாம். விண்ணப்பத்துக்கு முந்திய வாரம் மொத்தமாக விழுந்த பணம் கணக்கை மெலிவாகவே காட்டும். மாதச் சம்பளம் தொடர்ந்து வந்த கணக்கும், வேலையிடத்து விடுமுறைக் கடிதமும் அதைவிடப் பலமானவை.

முகம் தெரியாத ஒருவரிடம் முதல் செய்தியிலேயே கையொப்பமும் அடையாளப் பிரதியும் கேட்டால் அவர் பின்வாங்குவார், அது நியாயம்தான். ஆகவே பெரும்பாலான இரவுகளை உண்மையாகவே தங்கப்போகும் விடுதிகளில் முன்பதிவு செய்யுங்கள். சில இரவுகளை மட்டும், சில மாதங்களாகக் கடிதத் தொடர்பில் இருக்கும் வீட்டுக்காரரிடமோ ஒஸ்லோவிலோ கொபன்ஹேகனிலோ இருக்கும் சித்தி, மாமா வீட்டிலோ வையுங்கள். உறவினர் வீடும் இந்த விதிப்படி விருந்தோம்பும் வீடுதான். அதே கடிதம் வேண்டும். காசுக்கு அழைப்புக் கடிதம் எழுதித் தரும் தரகர்களிடம் மட்டும் போகாதீர்கள். பொய்யான ஆவணத்துக்காக விசா மறுக்கப்பட்டால் அந்தப் பதிவு ஷெங்கன் விசாத் தகவல் அமைப்பில் 5 ஆண்டுகள் கிடக்கும். எந்த ஷெங்கன் நாட்டு விசா அதிகாரியும் அதைப் பார்க்கலாம்.

வீடு தேடும் வழிகளும் ஒரே மாதிரியானவை அல்ல. 1949 இல் டென்மார்க்கில் தொடங்கிய சேர்வாஸ் சமாதானத்துக்கான அமைப்பு. நேர்காணல் செய்து அறிமுகக் கடிதம் தரும், வழமையாக இரண்டு இரவுகள் தங்கலாம். கடிதம் இருப்பதால் நம் நாட்டவருக்கு இதுவே பொருத்தமானது என்பது என் கருத்து. இலவசமாகத் தங்க வீடு தேடும் இணையத்தளமான கவுச்சேர்ஃபிங் 2020 முதல் பல நாடுகளில் சந்தா கேட்கிறது. பீவெல்கம் தொண்டர்கள் நடத்தும் இலவச அமைப்பு. வார்ம்ஷவர்ஸ் சைக்கிள் பயணிகளுக்கானது. எதில் எழுதினாலும் ஒரே செய்தியை இருபது பேருக்கு அனுப்பினால் பதில் வராது. அவர் தன்னைப் பற்றி எழுதியிருப்பதைப் படித்து, தேதி, வந்துசேரும் புகையிரத நேரம், எத்தனை இரவு என்று எழுதுங்கள். ஸ்டொக்ஹோம், கொபன்ஹேகன் வீட்டுக்காரருக்குக் கோரிக்கைகள் குவிகின்றன; தாம்பரே, ஊமியோ, திரொண்ட்ஹைம் போன்ற ஊர்களில் வாய்ப்பு அதிகம். சுவீடனில் நடுக்கோடைப் பண்டிகை ஜூன் 19 முதல் 25 வரையான நாட்களில் வரும் வெள்ளிக்கிழமை. அப்போதும் ஜூலை முழுவதும் பலர் ஊரிலேயே இருக்க மாட்டார்கள், கோடைவீட்டுக்குப் போய்விடுவார்கள். தனியே போகும் பெண்கள், முன்பு தங்கிய பெண்கள் நல்லபடி எழுதியிருக்கும் வீடுகளையோ குடும்பங்களையோ தெரிந்தெடுத்து, முகவரியை வீட்டுக்கு அனுப்பிவிட்டுப் போகவேண்டும். மனம் ஒப்பாவிட்டால் அந்த இரவே வெளியேற, பக்கத்து விடுதிக்கான பணம் எப்போதும் தனியாக இருக்கட்டும்.

வாசலில் செருப்பைக் கழற்றுவது நமக்குப் பழக்கம், அங்கேயும் அப்படித்தான். சொன்ன நேரத்துக்குப் போவதைத்தான் பழக வேண்டும். ஒரு நாள் சமைத்துக் கொடுப்பதை எல்லோரும் விரும்புவார்கள். ஆனால் அடுக்குமாடி வீட்டில் செத்தல் மிளகாயும் கடுகும் தாளித்தால் புகை எச்சரிக்கைக் கருவி அலறும். புகைபோக்கி விசிறியைப் போட்டு, எண்ணெய் புகையும் முன் தாளிதத்தை இறக்குங்கள். சுவீடனின் அடுக்குமாடிகளில் துணி துவைக்கும் அறை பொதுவானது, முறை பதிந்துதான் போகவேண்டும். கடைசி இரவில் அழுக்குத் துணியை நீட்டினால் வீட்டுக்காரர் திண்டாடுவார்.

பரிசுக்குத் தேயிலை, கறுவா, முந்திரி போதும். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இறைச்சியும் பால்மாவும் கொண்டுபோக முடியாது. பச்சைக் கறிவேப்பிலையும் மாம்பழமும் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் இல்லாமல் போகாது. தேங்காய், வாழைப்பழம், அன்னாசிக்கு அந்தச் சான்றிதழ் வேண்டியதில்லை. பொதி கட்டும் அம்மாமாருக்கு இதைச் சொல்லியே ஆகவேண்டும்.

கூடாரம் கொண்டுபோகிறவர்களுக்கு நோர்வே தாராளமான நாடு. 1957 ஆம் ஆண்டுச் சட்டப்படி, குடியிருக்கும் வீட்டிலிருந்து 150 மீற்றர் தள்ளி, பயிர் செய்யாத நிலத்தில் இரண்டு இரவு வரை அனுமதி கேளாமல் தங்கலாம். ஏப்ரல் 15 முதல் செப்டெம்பர் 15 வரை காட்டிலும் காட்டை ஒட்டியும் தீ மூட்டக்கூடாது. சுவீடனிலும் பின்லாந்திலும் இதையொத்த உரிமை உண்டு. டென்மார்க்கில் இல்லை. அங்கே ஒதுக்கப்பட்ட இடங்களில் மட்டுமே கூடாரம்.

இன்னும் சில பொறிகள். புகையிரதப் பாஸில் இன்டர்ரெயில் ஐரோப்பாவில் வசிப்போருக்கு; கொழும்பில் வசிப்பவர் யூரெயில்தான் வாங்கவேண்டும். ஒஸ்லோவில் இருக்கும் மச்சான் தன் பெயரில் எடுத்த பாஸை வைத்துப் பயணம் செய்ய முடியாது, பாஸோடு கடவுச்சீட்டையும் பார்ப்பார்கள். மற்றது ஸ்வால்பார்ட். நோர்வேயின் தீவுக்கூட்டம்தான், ஆனால் ஷெங்கனுக்கு வெளியே. ஒருமுறை நுழையும் விசாவோடு அங்கே போனால் திரும்பி ஒஸ்லோவுக்குள் வர முடியாது. குறைந்தது இருமுறை நுழையும் விசா வேண்டும். பரோ தீவுகளுக்கும் கிரீன்லாந்துக்கும் டென்மார்க்கிடம் தனியாகக் கேட்டு விசாவில் குறித்து வாங்கவேண்டும். 2025 ஒக்டோபர் 12 இல் தொடங்கிய புதிய எல்லைப் பதிவு முறையில் எந்த 180 நாளிலும் 90 நாள் வரைதான் தங்கலாம் என்ற கணக்கைக் கணினியே பார்க்கிறது. ஒரு நாள் கூடினாலும் அதில் தெரியும்.

இந்த விவரங்களுக்கு வரும் ஞாயிறு இதழில் அரைப் பக்கம் ஒதுக்குங்கள். கோடைக்கு விண்ணப்பிக்கக் காத்திருப்பவர்கள் கோவையைத் திருத்திக்கொள்ள இன்னும் நேரம் இருக்கிறது.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.