வரலாற்று வாசகர் வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். சென்ற பொதுக்குழுவின் முடிவுப்படி, போர்க்களத்தில் ஸ்காட்லாந்துப் படையினருக்குப் பேக்பைப் (காற்றுப்பையும் குழல்களும் கொண்ட ஊதுகருவி) இசை அளித்த மனத்துணிவைப் பற்றியே இவ்வாண்டுக் கூட்டங்கள் அனைத்திலும் பேசினோம்.

இப்பொருளை எடுத்ததற்குப் பரங்கிப்பேட்டையே காரணம். 1781 ஜூலை 1 அன்று ஹைதர் அலியின் படையுடன் அங்கு நடந்த போரில், ஸ்காட்லாந்தின் ஹைலாண்டர் படைப்பிரிவின் பேக்பைப் இசைஞர் ஒருவர் சண்டைக்கு நடுவே விடாமல் வாசித்ததைக் கண்ட தளபதி சர் அயர் கூட், வெள்ளிக் குழல்கள் வாங்க 50 பவுண்டு அளித்ததாக அப்படைப்பிரிவின் வரலாறு கூறுகிறது. கூட் தலைமையிலான கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் அன்று பெரும்பான்மையினர் நம் நாட்டுச் சிப்பாய்களே என்பதையும் இங்கே நினைவுகூர விரும்புகிறேன்.

முதற்கூட்டத்தில் ஓய்வுபெற்ற இராணுவ இசைஞர் ஒருவர் வாசித்துக் காட்டினார். பையில் காற்றை ஊதி நிரப்பி, கையால் ஒரு தட்டுத் தட்டியதும், தோளில் சாய்ந்திருந்த மூன்று குழல்களும் நாகசுரத்தின் ஒத்தைப் போல முழங்கின. அவர் மூச்சு வாங்கும்போதும் கை பையை அழுத்திக்கொண்டே இருந்ததால் நாதம் அறுபடவில்லை; கூடத்தின் கடைசி வரிசையில் இருந்தவர்களும் காதைப் பொத்திக்கொண்டார்கள். அதிகாரியின் குரல் எட்டாத இரைச்சலிலும் இந்த ஒலி படையினரை எட்டியது எப்படி என்பது அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது.

மிகுதியாக விவாதிக்கப்பட்டது லூஸ் போர். 1915 செப்டம்பர் 25 அன்று, பிரான்சில், நச்சுவாயுவால் நிலைகுலைந்து பதுங்குகுழியை விட்டு எழ முடியாமல் கிடந்த தம் படைக்குழுவினரைக் கண்ட பேக்பைப் இசைஞர் டேனியல் லெயிட்லா, கரைமேல் ஏறி, குண்டுமழையில் அங்குமிங்கும் நடந்தவாறே வாசித்தார். படைக்குழு எழுந்து முன்னேறியது. காலில் காயம்பட்ட பின்னரும் அவர் வாசித்தார். அவருக்கு அப்போது வயது 40. பிரிட்டனின் உயரிய வீர விருதான விக்டோரியா கிராஸைப் பெற்றார். அவ்வீரர்களுக்குப் பாதித் துணிவு ஊரை நினைவூட்டிய மெட்டிலிருந்து வந்தது என்றால், மீதித் துணிவு துப்பாக்கியின்றி நிமிர்ந்து நடந்த ஒருவரைக் கண்ணாரக் கண்டதால் வந்தது என்பது என் கருத்து.

அந்த நிமிர்வுக்கான விலை பெரிது. முதல் உலகப் போரில் இவ்விசைஞர்கள் சுமார் 500 பேர் மாண்டனர். ஸ்காட்லாந்தில் பிறந்து கனடாப் படையில் சேர்ந்த ஜேம்ஸ் ரிச்சர்ட்சன், 1916 அக்டோபரில் பிரான்சின் சோம் களத்தில் விட்டுவந்த தம் பேக்பைப்பை எடுக்கத் திரும்பிப் போனவர், வரவேயில்லை. இரண்டாம் போரில் இசைஞர்களை முன்னணிக்கு அனுப்பலாகாதென்ற கட்டுப்பாடு இருந்தும், 1944 ஜூன் 6 அன்று படைத்தலைவர் லவட் பிரபுவின் விருப்பத்திற்கிணங்க, 21 வயது இசைஞர் பில் மில்லின், தம் தந்தை முதற்போரில் உடுத்திய கில்ட்டுடன் (ஸ்காட்லாந்து ஆடவரின் மடிப்புப் பாவாடை) பிரான்சின் நார்மண்டிக் கடலில் இறங்கி, வாசித்தவாறே கரையேறினார்.

கணக்கறிக்கையைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். வரும் ஜூலை 1 அன்று உறுப்பினர்கள் பரங்கிப்பேட்டைக்குச் சென்றுவர வேண்டுமென்று செயற்குழு பரிந்துரைக்கிறது. அதற்குப் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன்.

செயலாளர்