லிமிட்டெட் எடிஷன் மோட்டார் சர்டிபிகேட்ல செசி நம்பர் தப்பு, புதுசு வேணும்

கஸ்டமர் சர்வீஸ் மேனேஜர் அவர்களுக்கு வணக்கம்,

நான் பினாங்கு ஜெலுத்தோங்ல இருக்கேன், பட்டர்வொர்த்ல உள்ள உங்க டீலர் கடையில லிமிட்டெட் எடிஷன் மோட்டார் சைக்கிள் எடுத்தேன். மோட்டார்ல ஒரு குறையும் இல்ல, ஸ்டார்ட் பண்ணாலே மனசு நெறைஞ்சிடுது. புகார் எல்லாம் அது கூட வந்த பேப்பருங்கள பத்திதான்.

புக்கிங் பண்றப்ப சேல்ஸ்மேன், நம்பர் போட்ட சர்டிபிகேட் ஃபேக்டரியில இருந்தே வரும், உங்க பேரு, செசி நம்பர் (ஃபிரேம்ல அடிச்சிருக்கற வண்டியோட அடையாள நம்பர்), எஞ்சின் நம்பர், இது எத்தனாவது வண்டி எல்லாம் இருக்கும், கெட்டி அட்டை ஃபோல்டர்ல குடுப்போம்னாரு. சாதா மாடல விட்டுட்டு கூட காசு போட்டு இத எடுத்ததே அதுக்காகத்தான். கடைசில கூரியர்ல வந்தது ரெண்டா மடிச்ச பேப்பர், மடிப்பு நேரா என் பேரு மேலயே போவுது.

சரி மடிப்ப விடுங்க, செசி நம்பரே தப்பு. ஹேண்டில் கழுத்துகிட்ட ஃபிரேம்ல அடிச்சிருக்கற நம்பர டார்ச் அடிச்சு ஒவ்வொண்ணா ஒத்துப் பார்த்தேன், அங்க சைபர் இருக்கற எடத்துல இங்க இங்கிலீஷ் 'ஓ' எழுத்து போட்டிருக்கு. 17 எழுத்து செசி நம்பர்ல ஐ, ஓ, க்யூ மூணும் வரவே வராது, ஒண்ணு, சைபர் இந்த நம்பருங்களோட கொழம்பிடும்னுதான் அதுங்கள ஒதுக்கி வச்சிருக்காங்க. மோட்டார் செய்யற கம்பெனிக்கா இது தெரியாது? யாரோ கையால டைப் பண்ணி, சரி பார்க்காமலே அனுப்பியிருக்காங்க.

கடையில கேட்டா, கெரான் (வண்டி பதிவு சான்று) இருக்குல்ல, இது சும்மா அழகுக்குத்தானேங்கறாங்க. ஜே.பி.ஜே. (சாலை போக்குவரத்து இலாகா) குடுக்கற கெரான்ல செசி நம்பர் இருக்கும், எஞ்சின் நம்பர் இருக்கும், இந்த எடிஷன்ல இது எத்தனாவது வண்டின்னு இருக்காதுங்க, அத சொல்றது இந்த ஒரு பேப்பர்தான். எங்கப்பா அவரோட பழைய ஹோண்டா கப்சாய் (சின்ன மோட்டார் சைக்கிள்) சர்வீஸ் புக்க கடை ரசீதோட சேர்த்து பிளாஸ்டிக் கவர்ல போட்டு பீரோல வச்சிருக்காரு, மோட்டார் போயி எவ்வளவோ காலமாச்சு, இன்னும் சர்வீஸ் முத்திரை ஒவ்வொண்ணா காட்டி இது தைப்பிங் போயிட்டு வந்தப்ப போட்டதுன்னு கத சொல்வாரு. நானும் அப்படி வச்சுக்கத்தான் கேக்கறேன்.

சர்வீஸ் புக்ல டெலிவரி பக்கம் காலியா கெடக்கு, தேதியும் இல்ல கடை முத்திரையும் இல்ல. சாவி நம்பர் அடிச்ச சின்ன தகடும் வரல, சாவி தொலைஞ்சா அந்த நம்பர் வேணும், இது அழகு விஷயம் கெடையாது.

ஃபிரேம பார்த்து சரியான நம்பரோட புது சர்டிபிகேட் ஃபேக்டரியில இருந்து வரணும், மடிக்காம, லேமினேட் பண்ணாம, அட்டை ஃபோல்டர்ல. தகடும் சேர்த்து குடுங்க, டெலிவரி பக்கத்துல முத்திரை போடுங்க. எப்ப கெடைக்கும்னு இமெயில்ல எழுதி பதில் அனுப்புங்க, வாட்சாப் வாய்ஸ் மெசேஜ் வேணாம். புதுசு கைக்கு வந்ததும் தப்பான சர்டிபிகேட்ட கடையில குடுத்துடறேன், ஆனா என் கண்ணு முன்னாடி அதுல கேன்சல்னு முத்திரை குத்தணும், ஒரே வண்டிக்கு ரெண்டு பேப்பர் வெளிய சுத்தக் கூடாது.