படம் வேண்டாம், விமர்சனம் போதும்

ஆசிரியருக்கு வணக்கம்.

உளவியல் வகுப்பில் சினிமா காட்டலாமா என்று சென்ற இதழில் கேட்டிருந்தீர்கள். காட்டலாம், ஆனால் ஒரு படத்துக்கு மூன்று பீரியட் போய்விடும். முடிந்ததும் பேச்சு பாட்டிலும் சண்டையிலும்தான் நிற்கும். அதனால் நான் படத்தைப் போடுவதில்லை. அதற்கு வந்த விமர்சனங்களை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்கிறேன். படத்தைத்தான் எல்லோரும் டிவியில் பார்த்துவிட்டார்களே.

இதற்குத் தோதான ஆண்டு 2005. சந்திரமுகி, அந்நியன், கஜினி மூன்றும் அந்த ஓர் ஆண்டில் வந்தவை.

கஜினி நாயகனுக்கு 'ஷார்ட் டேர்ம் மெமரி லாஸ்' என்று படம் சொன்னதையே விமர்சனங்களும் திருப்பிச் சொல்லும். அந்த வரியை அடிக்கோடிடச் சொல்லிவிட்டு ஹென்றி மொலைசனைப் பற்றிச் சொல்வேன். அமெரிக்கர். வலிப்பு நோய்க்காக 1953-ல் அவருக்கு மூளையில் அறுவை சிகிச்சை செய்து, புது நினைவுகளைப் பதியவைக்க உதவும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில், இருபக்கமும் பெரும்பகுதியை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு சந்தித்த மனிதர்களோ நடந்த சம்பவங்களோ 2008-ல் இறக்கும்வரை அவர் நினைவில் தங்கவில்லை. ஆனால் ஓர் எண்ணைச் சொன்னால், கவனம் சிதறாதவரை மனதில் வைத்திருப்பார். அதாவது குறுகிய கால நினைவு நன்றாகத்தான் இருந்தது. அதை நெடுங்காலத்துக்குச் சேமிக்கும் வேலைதான் நடக்கவில்லை. கண்ணாடியில் பார்த்தபடி நட்சத்திரம் வரைய, அவரை ஆராய்ந்த உளவியலாளர் பிரெண்டா மில்னர் அவருக்குப் பயிற்சி கொடுத்தார். நாளுக்கு நாள் கை தேறியது, முன்பு வரைந்த ஞாபகம் மட்டும் துளியும் இல்லை! இதைக் கேட்டதும் வகுப்பு சூடுபிடிக்கும். 'எல்லாம் மறந்தவன் எப்படி சார் இப்படி அடிக்கிறான், லாஜிக்கே இல்லை' என்று சிரித்த மாணவரே, கை பழகிய வேலை வேறு, ஞாபகம் வேறு என்று எழுந்து வாதாடுவார்.

மற்ற இரண்டு படங்களிலும் விமர்சகர்களின் கண் நடிப்பின் மேல்தான். குரல் மாறியது, விழி உருண்டது என்று பத்தி பத்தியாகப் புகழ்வார்கள். சிகிச்சை என்ற பெயரில் திரையில் நடந்ததைப் பற்றி ஒரு வரி இருந்தால் அதிர்ஷ்டம். இல்லாத குரல் கேட்பது போன்ற அறிகுறிகள் கொண்ட ஸ்கிசோஃப்ரினியாவையும், ஒருவருக்குள் பல ஆளுமைகள் இருக்கும் 'ஸ்ப்ளிட் பர்சனாலிட்டி'யையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறவர்கள் இன்றும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஊர் என்ன நினைக்கிறது என்பதை எந்தப் பாடநூலும் இவ்வளவு பச்சையாகக் காட்டாது.

இன்னொன்றும் உண்டு. வீட்டில் மனநல மாத்திரை சாப்பிடும் அம்மாவோ அண்ணனோ உள்ள பிள்ளையும் அந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கலாம். கொலைவெறிக் காட்சியைப் பெரிய திரையில் ஓட்டி, சுற்றி எல்லோரும் விசில் அடித்தால் அந்தப் பிள்ளை எங்கே பார்க்கும்? அச்சில் உள்ள பத்தியை வைத்துப் பேசும்போது யாரும் விசில் அடிப்பதில்லை.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் பழைய இதழ்களில் வந்த திரை விமர்சனங்களை வகுப்புக்காக நகலெடுத்துக்கொள்ள அனுமதி கொடுங்கள். 2005 இதழ்களைத் தேடி நான் பழைய பேப்பர் கடைகளில் அலைவதாவது மிச்சமாகும்.

– உளவியல் ஆசிரியர், திருச்சி